சுகமாக இருப்பவருக்குக் கொலராவைக் கொடுத்து ஆராயலாமா? கொழும்பில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

மருத்துவ ஆய்வுகளில் சேர்பவர்கள் கையெழுத்திடும் சம்மதப் பத்திரங்களைத் தமிழாக்குவது என் தொழில். கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு பதினைந்து ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறேன். அண்மையில் எங்கள் பகுதிப் பெண்கள் கூட்டமொன்றில் பேசும்போது, நோயில்லாத மனிதர்களுக்கு அவர்கள் விருப்பத்துடனேயே கொலராக் கிருமியைக் குடிக்கக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் அமெரிக்காவில் நடந்து வருகின்றன என்று சொன்னேன். அதன்பின் வேறு எதையும் பேச விடவில்லை. அன்று கேட்கப்பட்ட கேள்விகளையும் பிறகு தொலைபேசியில் வந்தவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். இலங்கையில் நடக்கும் எந்த ஆய்வையும் பற்றி நான் எழுதவில்லை. அப்படி யாரும் பதற வேண்டாம்.

உண்மையிலேயே உயிருள்ள கிருமியையா குடிக்கிறார்கள்?

ஆம். உடற்பரிசோதனைகளில் தேறியவர்களை ஆஸ்பத்திரியின் தனி வார்ட்டில் சேர்க்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் எதுவும் உண்ணாமல் குடிக்காமல் இருந்தபின், அப்பச்சோடா கரைத்த தண்ணீரைக் குடிக்க வேண்டும். அதைத் தொடர்ந்து, அதே கரைசலில் கலந்த கிருமியையும் குடிக்க வேண்டும். பிந்திய ஆய்வுகளில் கொடுக்கப்பட்ட அளவு ஏறத்தாழ ஒரு இலட்சம் பக்டீரியாக்கள். ஒரு இலட்சம் என்றதும் கூட்டத்தில் பலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் அந்த ஒரு இலட்சமும் ஒரு குவளைத் தண்ணீரைச் சற்றும் கலங்கச் செய்யாது. கிணற்றுத் தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறது, கொதிக்கவைக்க வேண்டியதில்லை என்று சொல்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்பச்சோடா எதற்கு?

நம் இரைப்பையில் ஊறும் அமிலம் கொலராக் கிருமியைக் கொன்றுவிடும். கொலராவுக்கு எதிராக இயற்கை நமக்குப் போட்டிருக்கும் முதல் வேலி அதுதான். அமெரிக்காவின் மேரிலாந்தில் நடந்த தொடக்ககால ஆய்வுகளில், வெறும் தண்ணீரில் கலந்து கொடுத்தபோது நோய் வர பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கிருமிகள் தேவைப்பட்டன. சோடாவைக் கொடுத்து அமிலத்தைத் தணித்தபின் பத்தாயிரம் முதல் பத்து இலட்சம் வரையே போதுமாயிற்று. இந்த முடிவுகள் 1974இல் வெளிவந்தன.

வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய செய்தி ஒன்றும் இதில் இருக்கிறது. கொழும்பில் கெஸ்ட்ரைட்டிஸ் குளிசையைத் தினமும் போடாத குடும்பம் அரிது. அமிலத்தைக் குறைக்கும் அந்தக் குளிசைகள் இந்த வேலியையும் தாழ்த்துகின்றன. வைத்தியர் சொல்லிக் குடிப்பவர் நிறுத்தக் கூடாது. ஆனால் வெள்ளக் காலத்தில் தண்ணீர் விடயத்தில் அவர் மற்றவரைவிட இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

குடித்தபின் என்ன நடக்கும்?

ஓரிரு நாளில் வயிற்றோட்டம் தொடங்கும். எல்லோருக்கும் வராது, வந்தவர்களிலும் சிலருக்கு இலேசாக, சிலருக்குக் கடுமையாக இருக்கும். அரிசி கழுவிய தண்ணீர்போலப் போகும் ஒவ்வொரு தடவையும் தாதியர் அதை அளந்து குறிக்கிறார்கள். மொத்தம் மூன்று லீற்றரைத் தாண்டினால் அது கணிசமான நோய் என்று கணக்கு. போன நீரும் உப்பும் உடனுக்குடன் வாய்வழிக் கரைசலாகவோ, தேவைப்பட்டால் சேலைனாகவோ திரும்பக் கொடுக்கப்படுகின்றன. குறித்த நாளில், அல்லது நோய் கடுமையானால் அதற்கு முன்பே, நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கிறார்கள். மலத்தில் கிருமி இல்லையென்று அடுத்தடுத்த பரிசோதனைகள் உறுதிசெய்யும் வரை வீட்டுக்கு அனுப்புவதில்லை.

குடலை அந்தக் கிருமி கிழிப்பதில்லை, அரிப்பதில்லை என்பதுதான் எனக்கு இதில் மிக வியப்பான செய்தி. அது ஒரு நஞ்சைச் சுரக்கிறது. குடலின் உட்சுவர் அணுக்கள் அந்த நஞ்சின் பிடியில் உப்பையும் நீரையும் வெளியே கொட்டத் தொடங்குகின்றன. இந்த நஞ்சு ஒன்று இருப்பதை 1959இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற விஞ்ஞானி முயல்களில் காட்டினார். பின்னர் மேரிலாந்தில், கிருமியே இல்லாமல் தூய நஞ்சை மட்டும் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை மைக்ரோகிராம் என்கிறோம். அதில் ஐந்து கொடுத்தபோதே லீற்றர் கணக்கில் வயிற்றோட்டம் வந்தது. இருபத்தைந்து கொடுத்தபோது இருபது லீற்றருக்கு மேல் போயிற்று. கொலராவில் மனிதரைக் கொல்வது நீரிழப்புதான் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடையாது.

உலகத்தில் கொலரா நோயாளிகள் இல்லாமலா இப்படி வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள்?

இருக்கிறார்கள். ஆண்டுக்குப் பதின்மூன்று இலட்சம் முதல் நாற்பது இலட்சம் பேர் வரை நோயுறுவதாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆனால் யாருக்கு, எந்த நாளில், எத்தனை கிருமி போயிற்று என்பது இயற்கையாக நோயுற்றவரிடம் தெரியாது. ஒரு தடுப்பு மருந்து வேலை செய்கிறதா என்று ஊருக்குள் சோதிக்க வேண்டுமானால் பெருங்கூட்டம் வேண்டும்: 1985இல் பங்களாதேஷின் மத்லப் பகுதியிலும் 2006இல் கல்கத்தாவிலும் நடந்த தடுப்பு மருந்துச் சோதனைகள் ஒவ்வொன்றிலும் 60,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். பிறகு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வாக்ஸ்கோரா என்ற ஒரே வேளை குடிக்கும் மருந்துக்கு நடந்த ஆய்வைப் பாருங்கள். சேர்ந்தவர்கள் 197 பேர். தடுப்பு மருந்து பெறாமல் கிருமியைக் குடித்த 66 பேரில் 39 பேருக்குக் கணிசமான வயிற்றோட்டம் வந்தது. மருந்து குடித்துப் பத்து நாளுக்குப்பின் கிருமியைக் குடித்த 35 பேரில் இருவருக்கே வந்தது. மூன்று மாதம் கழித்துக் குடித்த 33 பேரில் நால்வருக்கு. இந்த எண்களின் பலத்தில் 2016 ஜூன் மாதத்தில் அமெரிக்கா அந்த மருந்துக்கு அனுமதி வழங்கியது.

அப்படியானால் இந்த முறை எல்லாவற்றையும் தீர்த்துவிடுமா?

இல்லை. இதே மருந்தின் முந்தைய வடிவம் தன்னார்வலர்களிடம் மிக நன்றாகத் தடுத்தது. 1990களில் அதை இந்தோனேசியாவின் வட ஜகார்த்தாவில் 67,000க்கு மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது நம்பத்தக்க பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. மேரிலாந்தின் பால்டிமோர் நகரில் குளிரூட்டிய வார்ட்டில் இருக்கும் ஒருவரின் குடல் வேறு, துறைமுகச் சேரியில் வளர்ந்தவரின் குடல் வேறு. சோதனை எங்கே நடந்தது, யார்மேல் நடந்தது என்று கேட்காமல் சதவீதத்தை மட்டும் கேட்டுத் தலையாட்டக் கூடாது.

முதன்முதலில் யார் குடித்தது?

பலர் குடித்திருக்கிறார்கள், மிகப் புகழ்பெற்றவர் ஜேர்மனியின் மியூனிக் நகரில் வாழ்ந்த மாக்ஸ் ஃபொன் பெட்டன்கோஃபர். கொலராவுக்குக் கிருமி மட்டும் காரணமாகாது, மண்ணும் சூழலும் சேர வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்னொரு ஜேர்மன் மருத்துவரான ரொபேர்ட் கொக் கிருமியே காரணம் என்றார். ஹம்பேர்க் நகரம் கொலராவில் ஆயிரக்கணக்கானோரை இழந்த 1892ஆம் ஆண்டு, அக்டோபர் 7ஆம் திகதி, எழுபது வயதைக் கடந்த பெட்டன்கோஃபர் சோடாவும் கலந்து கொலராக் கிருமிக் கரைசலைக் குடித்தார். இலேசான வயிற்றோட்டத்தோடு தப்பினார். தன் கொள்கை வென்றதாக நினைத்தார். பத்து நாள் கழித்து அவருடைய மாணவர் எமெரிக்கும் குடித்தார். அவருக்கு நோய் கடுமையாக வந்தது.

பெட்டன்கோஃபர் சொன்னது தவறு. ஆனாலும் பிறர் வாயில் ஊற்றாமல் தன் வாயில் ஊற்றிக்கொண்டார் என்பதற்காக அவரை மதிக்கிறேன். நாஜி மருத்துவர்களின் கொடுமைகளுக்குப்பின் 1947இல் எழுதப்பட்ட நியூரம்பேர்க் நெறிகளில், மரணமோ ஊனமோ நேரும் என்று கருத இடமுள்ள சோதனையைச் செய்யவே கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அதற்கு விலக்கு இருக்குமானால் அது மருத்துவர் தாமும் சோதனைக்கு உட்படும் இடத்தில் மட்டும் இருக்கலாம் என்று அந்த விதியே சொல்கிறது.

கைதிகளை வைத்துச் செய்ததாகச் சொல்கிறார்களே?

உண்மை. மேரிலாந்தின் தொடக்ககாலத் தன்னார்வலர்கள் சிறைக்கைதிகள். 1970களின் நடுவில் அது நிறுத்தப்பட்டு, வெளியிலுள்ள மக்களிடமிருந்து தன்னார்வலர்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அந்தக் கைதிகள் கையெழுத்திட்டார்கள். அவர்களுக்குச் சிகிச்சையும் கிடைத்தது. ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் ஒருவர் சொல்லும் ‘சரி’யை நான் சம்மதம் என்று எழுதமாட்டேன்.

அதற்கும் முன்னால் இதைவிடக் கொடியது நடந்தது. 1906இல் மணிலாவின் பிலிபிட் சிறையில் ரிச்சர்ட் ஸ்ட்ரோங் என்ற அமெரிக்க மருத்துவர் 24 கைதிகளுக்குக் கொலராத் தடுப்பூசி ஏற்றினார். அந்த மருந்தில் பிளேக் கிருமி கலந்துவிட்டிருந்தது. 13 பேர் இறந்தார்கள். என்ன ஏற்றுகிறார்கள் என்று யாரும் அவர்களிடம் விளக்கிச் சம்மதம் கேட்கவில்லை. ஒவ்வொரு சம்மதப் பத்திரத்தையும் எடுத்து மேசையில் வைக்கும்போது அந்தப் பதின்மூன்று பேர் என் நினைவில் வருகிறார்கள்.

பணம் கொடுக்கிறார்களா?

கொடுக்கிறார்கள். நாள் கணக்கில் வார்ட்டில் அடைபட்டிருப்பவர் தன் வேலையையும் நேரத்தையும் கொடுக்கிறார்; அதற்கு ஈடு கொடுப்பதில் தவறில்லை. பணம் எவ்வளவு பெரிதானால் மனிதர் ஆபத்தைப் பார்க்க மறுப்பார் என்பதே தொல்லையான கேள்வி. 1900இல் கியூபாவில் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்த வோல்டர் ரீட், தன்னார்வலர்களோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்தார். ஸ்பானிய மொழியிலும் அது இருந்தது. காய்ச்சலைப் பரப்பும் கொசுவிடம் கடிபடச் சம்மதித்தால் நூறு டொலர் பொன், நோய் வந்தால் இன்னொரு நூறு. மொழிபெயர்த்துக் கொடுத்ததற்காக அவரை வணங்குகிறேன். ஆனால் அந்தப் பத்திரம், இந்தத் தீவில் இருக்கும்வரை எப்படியும் இந்தக் காய்ச்சலிலிருந்து தப்ப முடியாது, ஆகையால் எங்கள் பராமரிப்பில் வாங்கிக்கொள்வதே மேல் என்ற பொருளில் பேசியது. அது தகவலாக இல்லை, தரகர் பேச்சாக இருக்கிறது. அடுத்த ஆண்டு கியூபாவின் ஹவானாவில் இன்னொரு குழுவின் ஆய்வில் தன்னைக் கொசு கடிக்கவிட்ட தாதி கிளாரா மாஸ் இறந்துபோனார். அவருக்கு வயது 25.

அக்கா, தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் விளங்கிவிடாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் தமிழாக்கிய ஓர் ஆய்வுப் பத்திரத்தைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். ஆய்வில் ஒரு பாதிப் பேருக்கு மருந்தும், மறுபாதிக்கு மருந்துபோலவே இருக்கும் வெறும் கரைசலும் கொடுப்பது வழக்கம். அந்த வெறும் கரைசலைப் ‘போலி மருந்து’ என்று எழுதியிருந்தார்கள். அகராதிப்படி குற்றம் சொல்ல முடியாது. ஆனால் புறக்கோட்டையில் ஒருவரை நிறுத்திப் போலி மருந்து என்றால் என்னவென்று கேளுங்கள்: ஆளைக் கொல்லும் கள்ள மருந்து என்பார். அந்தப் பத்திரம் ஏற்கெனவே பலர் கைக்குப் போயிருந்தது. ஒரு வயதான தாய் அதை வாசித்துவிட்டு, ‘எங்களுக்கு மட்டும் ஏன் போலியானதைத் தருகிறீர்கள்’ என்று அழுதிருக்கிறார். நான் இப்போது ‘மருந்துச் சத்து இல்லாத கரைசல்’ என்று எழுதுகிறேன். நீளம்தான், இருக்கட்டும்.

‘சவால் ஆய்வு’ என்பது இன்னொன்று. கிருமியைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை அப்படியே தமிழாக்கியது. சவால் என்றதும் இளைஞர்களுக்குப் பந்தயம் நினைவுக்கு வருகிறது. வீரம் காட்டச் சேர்கிறவர் வந்துவிடுவார். ‘கிருமியை வேண்டுமென்றே கொடுத்துப் பார்க்கும் ஆய்வு’ என்று எழுதினால் யாரும் தவறாக விளங்கிக்கொள்ள மாட்டார்கள். நேரத்துக்காகக் கொடுக்கும் பணத்தையும், உடலுக்குக் கேடு வந்தால் கொடுக்க வேண்டிய பணத்தையும் நட்டஈடு என்ற ஒரே சொல்லில் அடைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. இவை இரண்டும் வேறு. இரண்டாவது எப்படிக் கிடைக்கும், யார் கொடுப்பார், எத்தனை ஆண்டுவரை என்பது தனிப் பந்தியாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மௌனம் சம்மதம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் முன் பேசாமல் தலைகுனிந்து நிற்பதை மரியாதை என்று பழகியிருக்கிறோம். மேரிலாந்து ஆய்வுகளில் தன்னார்வலர்களுக்கு ஓர் எழுத்துப் பரீட்சை வைத்தார்கள்: என்ன குடிக்கப்போகிறேன், என்ன நேரலாம் என்று தெரிந்து விடை எழுதித் தேற வேண்டும். நம்மவரிடம் பேனாவை நீட்டுவதைவிட, ‘இதை வீட்டுக்குப் போய் உங்கள் அக்காவிடம் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்டு, அவர் வாயால் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். ‘மாட்டேன்’ என்று எளிதாகச் சொல்லக்கூடிய மொழியிலும் இடத்திலும் கேட்டால்தான் அவர் சொல்லும் ‘சரி’க்குப் பெறுமதி உண்டு.

எனக்கு ஓ இரத்தம். கொலரா கூடுதலாக வருமா?

தொற்றும் வாய்ப்பு கூடும் என்பதைவிட, தொற்றினால் நோய் கடுமையாகும் என்பதே சரி. ஓ வகுப்பினருக்கு வயிற்றோட்டத்தின் அளவு கூடுதல் என்பது தன்னார்வலர்களிடமும் தெரிந்தது. ஏன் என்பதற்கு முழு விளக்கம் இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.

தன்னார்வலரிடமிருந்து ஊருக்குப் பரவாதா?

கொலரா மூச்சுக் காற்றில் பரவும் நோயல்ல; மலம் கலந்த நீரும் உணவும் வழியே பரவுவது. வார்ட்டில் கழிவைக் கிருமி நீக்கி, கிருமி இல்லையென்று உறுதியான பின்னரே ஆளை அனுப்பினால் போதும்.

தெரிந்தே உடலை நோய்க்குக் கொடுப்பது பாவமில்லையா?

கொட்டாஞ்சேனை மாரியம்மன் கோயிலுக்குப் போகும் ஓர் அம்மா கேட்டது. நம் நாட்டில் 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான சங்கத்துக்கு எத்தனையோ பேர் தங்கள் கண்களை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முகம் தெரியாத வெளிநாட்டவர்கள் அந்தக் கண்களால் பார்க்கிறார்கள். அதைப் புண்ணியம் என்கிறோம். உயிரோடு இருக்கும்போது சில நாள் துன்பத்தைத் தெரிந்து ஏற்பதும் அந்த வரிசையில் வரக்கூடியதுதான் என்று நான் நம்புகிறேன். ஏமாற்றி வாங்கினால் மட்டும் அது பாவம், வாங்கியவருக்கு.

இலங்கையில், நம் மக்களிடம் செய்யலாமா?

இதற்கு ஆம் இல்லை என்று ஒரே சொல்லில் சொல்ல என்னால் முடியவில்லை.

என் அப்பாயி கொலரா என்ற பெயரை வாயால் சொல்லமாட்டார். ‘பேதி வந்த வருசம்’ என்பார், அதுவும் விளக்கு வைத்த நேரத்தில் பேசமாட்டார். கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த வழி நெடுகிலும் கொலராவில் விழுந்தவர்களைக் கைவிட்டுத்தான் மற்றவர்கள் நடக்க வேண்டியிருந்தது. பின்னாளில் தமிழ்நாட்டுக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் நாட்கணக்கில் அடைத்துவைத்துப் பார்த்த பிறகே கப்பல் ஏற்றினார்கள். எங்களை நோய் சுமந்து வருபவர்கள் என்றே ஏடுகளில் எழுதினார்கள். யாரும் எங்களிடம் எதையும் கேட்டதில்லை. அந்த வழி வந்தவர்களிடம் போய், ‘விரும்பினால் கிருமியைக் குடியுங்கள்’ என்று கேட்கிறவர் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பால்டிமோரில் பயன்படுத்தப்படும் முக்கியமான கிருமி வகை 1975இல் பங்களாதேஷில் கிடைத்தது. ஆனால் அந்த ஆய்வில் அனுமதி பெற்ற வாக்ஸ்கோரா, கொலரா உள்ள நாடுகளுக்குப் பயணம் போகும் அமெரிக்கருக்கான மருந்தாக விற்பனைக்கு வந்தது. கிருமி நம் பக்கத்திலிருந்து போக, மருந்து அவர்கள் பக்கத்திலேயே நிற்பது நியாயமில்லை. நம் பகுதி விஞ்ஞானிகளும் நம் குடல்களும் இல்லாமல் செய்த ஆய்வு நம்மைப் பற்றிச் சரியாகச் சொல்லாது என்பதை ஜகார்த்தா காட்டிவிட்டது. ஆகவே ஒருபோதும் வேண்டாம் என்று கதவை அடைக்கவும் நான் தயாரில்லை. தோட்டத்து லயத்திலோ கொழும்பின் தோட்டக் குடியிருப்பிலோ ஆள் சேர்க்கத் தொடங்காமல், படித்து, கேள்வி கேட்டு, மறுத்துவிட்டு வீடு திரும்ப வசதியுள்ளவர்களிடம் முதலில் கேளுங்கள். கிடைக்கும் மருந்து எங்கள் விலைக்கு எங்களுக்குக் கிடைக்குமென்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திடுங்கள். பிறகு பேசலாம்.

இப்போதே வீட்டில் யாருக்காவது கடுமையான வயிற்றோட்டம் வந்தால்?

பாமசியில் விற்கும் ஜீவனியை வாங்கி, பையில் எழுதியிருக்கும் அளவு கொதித்தாறிய நீரில் முழுப் பையையும் கரைத்து, சிறிது சிறிதாகத் தொடர்ந்து கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழிவிழுந்தால், சிறுநீர் நின்றால், ஆள் சோர்ந்து துவண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இந்தக் கரைசலின் கதையும் நம் கேள்விக்குத் தொடர்பில்லாததல்ல. 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் காஷும் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் கொலரா நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்து, சேலைன் தேவை பெருமளவு குறைவதைக் காட்டினார்கள். 1971இல் வங்காள அகதி முகாமில் சேலைன் தீர்ந்துபோக, திலீப் மஹாலனாபிஸ் அந்தக் கரைசலை அண்டாக்களில் கலக்கிக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது நான்குக்கும் கீழே இறங்கியது. மேரிலாந்துத் தன்னார்வலர்களின் முடிவுகளை 1974இல் எழுதியவர்களில் முதல்வர் அதே ரிச்சர்ட் காஷ். இப்படி ஒரு சிகிச்சை கையில் இருப்பதால்தான் கொலராவை வேண்டுமென்றே கொடுத்துப் பார்ப்பதைப் பற்றி நாம் பேசவாவது முடிகிறது.

நீங்கள் என்றால் குடிப்பீர்களா?

வயது எல்லையைக் கடந்துவிட்டேன், என்னைச் சேர்க்கமாட்டார்கள். ஆனால் என் மகளுக்கு 24 வயது. இதையெல்லாம் அவளிடம் சொன்னபோது, ‘கேட்டால் போவேன் அம்மா, ஆனால் பத்திரத்தை நீங்கள் எழுத வேண்டும்’ என்றாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடியுமுன் எழுந்து, அவள் கையெழுத்திடுவதாக நினைத்துக்கொண்டு, ஒரு பத்திரத்தை முதல் வரியிலிருந்து எழுதிப் பார்த்தேன். நான்காம் பக்கத்தில், ‘எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல், நீங்கள் விலகிக்கொள்ளலாம்’ என்ற வரியை எழுதினேன். பிறகு அதை எடுத்து முதல் பக்கத்தின் முதல் வரியாக வைத்தேன்.